ஆர்கன் சிலிண்டர்: ஏஜென்சி வாடகையா, சொந்தமா வாங்கி நிரப்புறதா? அம்பை பக்கம் எது கட்டும்?

அம்பை_எஸ்எஸ்
வணக்கம் அண்ணாச்சிமாரே. அம்பாசமுத்திரத்துல ஸ்டெயின்லெஸ் கைப்பிடி, கேட் வேலைக்குச் சின்னதா பட்டறை போடுறோம். டிக் மெஷின் (ஆர்கன் வாயு வச்சுப் பத்த வைக்கிற வெல்டிங் மெஷின்) வந்தாச்சு. ஆர்கன் எங்க எடுக்கிறதுங்கிறதுதான் குழப்பம். மூணு இடத்துல கேட்டதுல மூணு விதமாச் சொல்றாங்க.

பாளையங்கோட்டை ஏஜென்சியில சிலிண்டர் அவங்களோடது. டெபாசிட் 9,000. ஆர்கன் 7 கியூபிக் (கன மீட்டர்) 1,050, ஜி.எஸ்.டி. தனி. முதல் 15 நாள் வாடகை இல்ல, அதுக்கு மேல நாளுக்கு 12 ரூபாய். வாரம் ரெண்டு தடவ அவங்க வண்டி அம்பை வருது. ஃபுல் இறக்கிட்டு காலியை ஏத்திட்டுப் போக 150.

பேட்டை பக்கம் ஒரு ஃபில்லிங் ஸ்டேஷன்ல புது சிலிண்டரே 11,500க்கு வாங்கிக்கணும்கிறாங்க. நிரப்ப கியூபிக் 120, வரி தனி. நம்ம சிலிண்டரையே நிரப்பித் தர மூணு நாலு நாள் ஆகும். உடனே வேணும்னா வேற ஃபுல் சிலிண்டர் மாத்தித் தருவாங்க, அதுக்கு 100 கூட.

உள்ளூர்ல ஒருத்தர் காலி குடுத்தா ஃபுல் தர்றார். 1,600. பில் கிடையாது. அவர்ட்ட வாங்குற பட்டறையில புதுசா மாட்டின அன்னைக்கே அழுத்த மீட்டர் 110தான் காட்டுச்சு.

எங்க வேலைக்கு ஒரு சிலிண்டர் 40 நாள் வரும்னு வச்சிருக்கோம். எது கட்டும்? காசு குடுக்கிறதுக்கு முன்னால என்னென்ன கேட்டு வாங்கணும்?

பேட்டை_மீட்டர்
சிலிண்டருக்கு என்ன விலை என்பதை விட்டுவிடுங்கள். டார்ச் வழியாக வெளியே வரும் ஒரு கியூபிக்குக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று பாருங்கள். மூன்றையும் அப்படித்தான் ஒப்பிட முடியும்.

டி டைப் சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர். நிரப்பும் அழுத்தம் 150 பார். இரண்டையும் பெருக்கினால் 7,005 லிட்டர், அதுதான் பில்லில் வரும் 7 கியூபிக். அதில் கடைசி 10 அழுத்தத்தை எடுக்காதீர்கள். ரெகுலேட்டர் அங்கே நிலையாக ஓடாது. முழுக்கக் காலி செய்து வால்வைத் திறந்தே போட்டால் ஈரக்காற்று உள்ளே போய்விடும், அடுத்த தடவை பற்றில் பொத்தல் விழும், டார்ச் முனையில் இருக்கும் டங்ஸ்டன் ஊசி கறுக்கும். ஆக 46.7 × 140, சுமார் 6.5 கியூபிக்தான் வேலைக்கு வரும். மீதி அரை கியூபிக்குக்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். காலியோடு திரும்பிப் போகும்போது அதை யாரும் கழித்துத் தருவதில்லை.

இப்போது ஏஜென்சி கணக்கு. 40 நாளில் 15 இலவசம், 25 நாளுக்கு 300 வாடகை. 1,050 + 300 = 1,350. வாடகைக்கும் 18 சதவீதம் வரி உண்டு, ஆக 1,593. வண்டிக்கு 150 சேர்த்து 1,743. இதை 6.5-ஆல் வகுத்தால் கியூபிக் 268 ரூபாய்.

பேட்டையில் 7 × 120 = 840, வரியோடு 991. கேட்கச் சல்லிசாக இருக்கிறது. ஆனால் அம்பையிலிருந்து பேட்டைக்குப் போகவர 70 கிலோமீட்டர். குட்டியானைக்கு 1,200 கொடுத்தால் 2,191 ஆகிவிட்டது, கியூபிக் 337. அதுவும் அன்றைக்கே மாற்றிக்கொண்டு வந்தால்தான், அதற்கு அவர்கள் கேட்கும் 100 வேறு. கொடுத்துவிட்டு வந்து நான்கு நாள் கழித்து மறுபடி போனால் வண்டிக் கூலி இரண்டு மடங்கு. பைக்கில் கட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிலிண்டரை இருசக்கர வண்டியில் ஏற்றக் கூடாது என்று கேஸ் சிலிண்டர் விதிகளிலேயே இருக்கிறது. வால்வு ஒடிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

உள்ளூர் 1,600: 110 அழுத்தத்தில் 5.1 கியூபிக்தான் இருக்கும். கடைசி 10 போக 4.7. கியூபிக் 340. ஏஜென்சியைவிட இதுவும் விலை அதிகம்தான்.

அந்த 110 எனக்கு நல்லதாகப் படவில்லை. குழாய் போட்டு ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு இறக்கினால் இரண்டும் சமமாகும் வரைதான் பாயும். 150-ஐயும் 10-ஐயும் சேர்த்தால் இரண்டும் 80-ல் நிற்கும். அதை இன்னொரு 150-ஓடு சேர்த்தால் 115. வழியில் கசிந்தது போக 110. ஃபில்லிங் ஸ்டேஷனில் நிரப்பிய சிலிண்டர் அப்படி வராது. நிரப்புவதற்கு பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் வேண்டும். இல்லாத இடத்தில் பழைய கேஸ் என்ன, முன்னால் அதில் எது இருந்தது, டெஸ்ட் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்க ஆள் கிடையாது.

பொருநை_வெல்டிங்
பேட்டை_மீட்டர் அண்ணாச்சி கணக்கு சரி. ஆனா சொந்த சிலிண்டரை அப்படியே தள்ளிட வேண்டாம். எல்லாம் வண்டியிலதான் நிக்குது. பேட்டை ஸ்டேஷன் லைன் வண்டி அம்பை, கல்லிடைக்குறிச்சி பக்கம் வந்து, போக 150 வர 150ன்னு உங்க சிலிண்டரை எடுத்துட்டுப் போகுமான்னு கேளுங்க. வந்தா 991 + 300 = 1,291தான். ஏஜென்சியைவிட ஒரு சிலிண்டருக்கு 450 மிச்சம். வருஷத்துக்கு ஒன்பது சிலிண்டர்னா 4,000 சொச்சம். மூணு வருஷத்துக்குள்ள சிலிண்டர் காசு வந்துரும். அந்த நாலு நாளைக்கு வேலை நிக்காம இருக்க மட்டும் வழி பண்ணணும்.

“100 கூட குடுத்தா உடனே மாத்தித் தர்றோம்”னு சொன்னாங்கல்ல, அங்கதான் புது ஆளுங்க மாட்டுறாங்க. 11,500க்கு வாங்கின புது சிலிண்டர் முதல் தடவையே அவங்க கூட்டத்துக்குள்ள போயிரும். உங்க கைக்கு வர்றது முப்பது வருஷம் பழசா இருக்கலாம். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தம் குடுத்துப் பார்க்கிற சோதனை) கெடு அடுத்த மாசம் முடியுதுன்னா அந்தச் செலவு உங்க தலையில. அதனால மாத்துறதுக்கு முன்னால சிலிண்டர் தோள்ல, வால்வுக்குக் கீழ வளையுற இடத்துல, அடிச்சிருக்கிறதைப் படிங்க. பெயிண்ட் மூடியிருந்தா சுரண்டிப் பாருங்க, இல்ல ஒரு துணியில தின்னர் வச்சுத் துடைங்க.

சீரியல் நம்பர், ஐ.எஸ். 7285, தண்ணிக் கொள்ளளவு, காலி எடை, வேலை அழுத்தம் 150, டெஸ்ட் அழுத்தம் 250. இது எல்லாம் ஒரு தடவ அடிச்சது. இதுக்குப் பக்கத்துலயே டெஸ்ட் பண்ண மாசமும் வருஷமும் வரிசையா ஏறிட்டே போகும். கடைசியா இருக்கிற தேதியோட அஞ்சு வருஷம் கூட்டுங்க. அது தாண்டியிருந்தா நல்ல ஃபில்லிங் ஸ்டேஷன் எதுவும் நிரப்பாது. ரெண்டு வருஷமாவது மிச்சம் இருக்கிற சிலிண்டரா பார்த்து வாங்குங்க.

டெஸ்ட்ல ஃபெயில் ஆகுறதும் உண்டு. தண்ணி அழுத்தம் குடுக்கும்போது விரிஞ்சது பழையபடி சுருங்கணும். மொத்தம் விரிஞ்சதுல 10 சதவீதத்துக்கு மேல நிரந்தரமா நின்னுட்டா போச்சு. காலி எடையில 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தாலும் போச்சு. 55 கிலோ சிலிண்டர்னா ரெண்டே முக்கால் கிலோ துரு தின்னிருக்குன்னு அர்த்தம். அந்த சிலிண்டரை மறுபடி யாரும் நிரப்பாதபடி வெட்டியாகணும், உங்களுக்கு வர்றது பழைய இரும்பு விலைதான். சொந்தமா வச்சா அந்த நஷ்டம் உங்களோடது, வாடகைன்னா ஏஜென்சியோடது. நாளுக்கு 12 ரூபாய்ல இதுவும் அடங்கியிருக்கு, அதையும் யோசிங்க.

சொந்தம்னு முடிவு பண்ணா, வாங்குன பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. “என் சிலிண்டரையே நிரப்பித் திருப்பித் தரணும்”னு ஒவ்வொரு தடவையும் ரசீதுல எழுதச் சொல்லுங்க. வாயால சொன்னா ஏத்துறவரு கைக்கு எது கிடைக்குதோ அதுதான் வண்டியில ஏறும்.

அம்பை_எஸ்எஸ்
கேட்டுட்டேன் அண்ணாச்சி. பேட்டை வண்டி இந்தப் பக்கம் வர்றதே இல்லையாம். பாளை ஏஜென்சி வண்டி வரும், ஆனா வெளி சிலிண்டரை ஏத்தாது. அப்போ ஏஜென்சிதான் போல. அவங்க கொட்டேஷன்ல டெபாசிட் 9,000க்கும் 18 சதவீதம் போட்டு 10,620ன்னு வந்திருக்கு. அது சரியா? வாடகையில ஏதாவது குறைச்சுப் பேச முடியுமா?

பேட்டை_மீட்டர்
டெபாசிட்டுக்கு வரி கிடையாது. திருப்பித் தரவேண்டிய பணம் விற்பனை ஆகாது. பின்னால் அதைக் கேஸ் பாக்கிக்கோ தொலைந்த சிலிண்டருக்கோ கழித்துக்கொண்டால் அப்போதுதான் வரி வரும். அந்த 1,620-ஐ எடுத்துவிட்டு, “திருப்பித் தரத்தக்க டெபாசிட்” என்று எழுதிய தனி ரசீது கேளுங்கள். ரசீதில் எத்தனை சிலிண்டர், எந்த சீரியல், எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்பது இருக்க வேண்டும். வால்வு மூடி தொலைந்ததற்கும் ஸ்பிண்டில் (வால்வைத் திருகும் தண்டு) வளைந்ததற்கும் பிறகு விலை சொல்வார்கள். அதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது 1,050-ஐக் குறைக்கச் சொல்லி நேரத்தைப் போக்காதீர்கள். அதில் அதிகம் இறங்க மாட்டார்கள். காற்றில் ஆர்கன் 0.93 சதவீதம்தான். ஆக்ஸிஜனுக்கும் ஆர்கனுக்கும் கொதிநிலை 3 டிகிரிதான் வித்தியாசம், ஒன்று மைனஸ் 183, மற்றது மைனஸ் 186. பிரித்தெடுக்கத் தனிக் கோபுரமே வேண்டும். ஆக்ஸிஜனைவிட ஆர்கன் எப்போதும் விலை கூடி நிற்பதற்கு இதுதான் காரணம். அதற்குப் பிறகு திரவமாக டேங்கரில் வந்து, பம்பு வைத்து ஆவியாக்கி சிலிண்டரில் ஏற்றவேண்டும். ஏஜென்சிக்கு அடக்கமே கூடுதல்.

பேசவேண்டியது இலவச நாள். 15-ஐ 30 ஆக்கச் சொல்லுங்கள். 15 நாள் × 12 = 180, வரியோடு 212. ஒரு சிலிண்டருக்கு அவ்வளவு மிச்சம். மாதத்துக்கு மூன்று சிலிண்டர் ஓட்டும் பட்டறைக்கு 15 நாளே போதும், வாடகை அவர்களைத் தொடாது. உங்களைப்போல மெதுவாக ஓட்டுகிறவர்கள்தான் அதைக் கட்டுகிறார்கள். நிலையான வாடிக்கை என்று சொன்னால் சில இடங்களில் நாள் வாடகைக்குப் பதிலாக மாதத்துக்கு ஒரு தொகை என்று ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, வாடகை எந்த நாளில் ஆரம்பித்து எந்த நாளில் நிற்கிறது? பில் போட்ட நாளா, உங்கள் பட்டறையில் இறக்கிய நாளா? நீங்கள் போன் செய்த நாளா, வண்டி வந்து காலியை எடுத்த நாளா? வாரம் இரண்டு தடவைதான் வண்டி என்றால் இதிலேயே நான்கு நாள் ஓடிவிடும். காலி ஏற்றும்போது சீரியலும் தேதியும் எழுதி டிரைவர் கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு இல்லாவிட்டால், கொடுத்துவிட்ட சிலிண்டருக்கே ஆறு மாத வாடகை கணக்கில் நிற்கும்.

நீங்கள் ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு தொழிலுக்கான எளிய வரி முறை) இருந்தால் அந்த 18 சதவீதம் முழுக்க உங்கள் செலவு. சாதாரணப் பதிவு என்றால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அப்போது கணக்கு 1,743 அல்ல, 1,500.

சாரல்_டிக்
இறக்கும்போது மீட்டர் பார்க்கிறதைப் பற்றி ஒரு விஷயம். 150ன்னா 15 டிகிரியில 150. நம்ம ஊர்ல 15 டிகிரி எங்க இருக்கு? மத்தியானம் 40 டிகிரி வெயில்ல நிக்கிற சிலிண்டர் ஃபுல்லா இருந்தா ஏறத்தாழ 163 காட்டணும். அப்போ 150 காட்டுச்சுன்னா உள்ள இருக்கிறது 138க்குச் சமம், 8 சதவீதம் குறைவு. காலையில 28 டிகிரியில 157 கிட்ட இருந்தா சரி. இப்பதான் நிரப்பினதுன்னா இன்னும் மோசம். வேகமா ஏத்தும்போது கேஸ் சூடாகும், அந்த நேரத்துல 150 காட்டினது மறுநாள் காலையில இறங்கிடும். அதனால வண்டியில வந்து ஒரு ராத்திரி பட்டறையில நின்னப்புறம் பார்க்கிற எண்ணைத்தான் நம்பணும். அதுக்காக வெயில்ல வச்சுப் பார்த்துட்டு “இன்னும் ஏத்து”ன்னு கேக்காதீங்க. ஏஜென்சிகிட்ட மாசம் மாசம் காலை மீட்டரை எழுதிக் காட்டினாலே போதும்.

மீட்டரை நம்ப முடியலன்னா தராசு. ஆர்கன் 7 கியூபிக் சுமார் 11.8 கிலோ. ஃபுல்லா இறங்கின அன்னைக்கு ஒரு எடை, காலியா அனுப்புற அன்னைக்கு ஒரு எடை. ரெண்டுக்கும் நடுவுல 11 கிலோவுக்குக் கீழ திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா நோட்டோட போய்க் கேளுங்க. அதே அளவு ஆக்ஸிஜன்னா 9.5 கிலோ.

கடையம்_சோடா
இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். கோலி சோடாவுக்கு 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எடுக்கிறோம், கிலோ கணக்கு. மீட்டர் ரொம்ப நாள் ஒரே இடத்துல நின்னுட்டு, திடீர்னு இறங்கிடுது. குறைவா நிரப்புறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

சாரல்_டிக்
அதுக்கு மீட்டர் உதவாது. உள்ள திரவமா இருக்கு, திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் வெப்பத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. 31 டிகிரிக்கு மேல போனா திரவமே தனியா நிக்காது, மீட்டர் இன்னும் குழப்பும். ஒரே வழி எடை. 45 லிட்டர் சிலிண்டர்ல லிட்டருக்கு 667 கிராம் வீதம் 30 கிலோ, அதுக்கு மேல ஏத்தக் கூடாது. வால்வு மூடியைக் கழட்டிட்டு எடை போட்டு, தோள்ல அடிச்சிருக்கிற காலி எடையைக் கழிங்க. பெயிண்டால எழுதின எடையை எடுக்காதீங்க, அடிச்ச எண்ணைப் பாருங்க.

காலியா அனுப்பும்போதும் எடை போடுங்க. ரெண்டு கிலோ உள்ள நின்னா மாத்து சிலிண்டர் முறையில அது போனது போனதுதான். சொந்த சிலிண்டர்ல நிரப்பினா 28 கிலோவுக்குத்தான் பில் வரணும். ஒரு தடவ காலியான சிலிண்டரைத் தலைகீழா சாய்ச்சு வால்வை லேசாத் திறந்து பாருங்க. துருத் தண்ணி வந்தா நீங்க தண்ணிக்குக் காசு குடுத்துட்டு இருக்கீங்க, சோடாவுலயும் இரும்பு வாடை வரும். குடிக்கிற பொருளுக்கு உணவுத் தர கேஸ்னு சான்றோட வாங்குங்க. தீயணைப்பான் நிரப்புற இடத்துல வாங்காதீங்க.

பொருநை_வெல்டிங்
அம்பை தம்பி, கட்டிங் செட்டும் (கேஸ் வச்சு இரும்பு வெட்டுறது) போடுவீங்கன்னு நினைக்கிறேன். ஆக்ஸிஜனையும் அதே ஏஜென்சியில எடுத்து, ரெண்டையும் ஒரே வண்டியில இறக்கச் சொல்லி அந்த 150-ஐ ஒரு தடவையா ஆக்குங்க. எரிவாயுவுக்கு வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் பட்டறையில இருக்கக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். அதோட விலை ஒவ்வொரு மாசமும் 1-ந் தேதி மாறும். விலை ஏறும்னு பேச்சு வந்தா மாசக் கடைசியிலயே மாத்திருங்க. ஆக்ஸிஜன் வால்வு இறுக்கமா இருக்குன்னு எண்ணெய், கிரீஸ் எதுவும் தொட்டுடாதீங்க, தேங்காய் எண்ணெய்க் கைகூடக் கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜன்ல எண்ணெய் தானாவே பத்திக்கும்.

அம்பை_எஸ்எஸ்
ரொம்ப நன்றி அண்ணாச்சி. டெபாசிட் வரியை எடுத்துட்டாங்க. இலவச நாள் 30 கேட்டேன், 25 தர்றதாச் சொல்லியிருக்காங்க. இன்னொரு கேள்வி. அந்த 40 நாள் கணக்கு டார்ச்சுல நிமிஷத்துக்கு 15 லிட்டர் வச்சுப் போட்டது. அது சரியான அளவா?

சாரல்_டிக்
அதிகம். கைப்பிடிக் குழாய் 1.5 மில்லிமீட்டர் கனம், டார்ச் முனையில 6-ம் நம்பர் கப்புன்னா நிமிஷத்துக்கு 8 லிட்டர் போதும். 6,500 லிட்டரை 8-ஆல வகுத்தா 812 நிமிஷம், பதிமூணரை மணி நேரம் ஆர்க் ஓடும். 15 வச்சா ஏழேகால் மணி நேரம்தான். கூட வச்சா பற்று நல்லா வரும்னு இல்ல. வேகமா அடிக்கிற கேஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ள இழுத்துரும், கறுப்படிக்கும். அதைப் பார்த்துட்டு இன்னும் கூட்டுவாங்க.

நிஜமாவே கூட்டத் தோணுற நேரம் ஒண்ணு உண்டு. ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்து இறங்கும்போது சைட்ல நின்னு பத்த வச்சா 20 லிட்டர் வச்சாலும் பத்தாது. அப்போ கேஸைக் கூட்டாம, காத்து வர்ற பக்கம் தார்ப்பாயோ தகரமோ கட்டுங்க. முடிஞ்ச வரைக்கும் பட்டறையிலயே சேர்த்துட்டு, சைட்ல ரெண்டு மூணு ஜாயின்ட் மட்டும் போடுற மாதிரி வெட்டுங்க. ஆர்க் நின்னப்புறம் ஓடுற கேஸ் 10 ஆம்பியருக்கு ஒரு நொடி. 80 ஆம்பியருக்கு 8 நொடி. அதைக் குறைச்சு மிச்சம் பிடிக்காதீங்க, டங்ஸ்டன் போயிரும்.

ராத்திரி சிலிண்டர் வால்வை மூடுங்க. ரெகுலேட்டரை மட்டும் திருகிட்டுப் போறவங்க நிறைய. எங்கயோ ஒரு கிளாம்ப்ல நிமிஷத்துக்கு 0.2 லிட்டர் கசிஞ்சா காதுக்கும் கேக்காது, கண்ணுக்கும் தெரியாது. 12 மணி நேரத்துல 144 லிட்டர், 40 ராத்திரியில 5,760 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர். புதுசா மாட்டின அன்னைக்கு டார்ச்சை மூடி, லைனுக்கு அழுத்தம் குடுத்து, சிலிண்டர் வால்வை மூடிட்டு, கால் மணி நேரம் மீட்டரைப் பாருங்க. முள் இறங்கினா சோப்பு நுரையை முதல்ல சிலிண்டர் வால்வு ஜாயின்ட்ல வைங்க, அப்புறம் ரெகுலேட்டர்ல ஹோஸ் ஏறுற இடம், அப்புறம் மெஷின் பின்பக்கம். பெரும்பாலும் அந்தப் பின்பக்க கிளாம்ப்தான்.

வண்டி வாரம் ரெண்டு தடவைதானே. முள் 40-க்கு வந்த அன்னைக்கே போன் பண்ணிருங்க. 40-லேருந்து 10 வரைக்கும் 1,400 லிட்டர், 8 லிட்டர் வீதம் மூணு மணி நேர ஆர்க். வண்டி வர்ற வரைக்கும் தாங்கும்.